தவளைகள் பேசிய படம்

என் அப்பாவிடம் பொது இடத்தில் ஒரே ஒரு முறைதான் கத்தியிருக்கிறேன். தஞ்சாவூரில் ஒரு டீக்கடை வாசலில், பட்டப்பகலில், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. காரணம் ஒரு தவளை. அதுவும் உயிருள்ள தவளை இல்லை, ஜப்பானில் யாரோ வரைந்த தவளை.

சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

பாபநாசத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வீடு அங்கிருந்து கொஞ்சம் உள்ளே, வயல்களுக்கு நடுவில். அப்பா விவசாயம் பார்க்கிறார். சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம். அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கடையில் இருக்கும் நேரம் போக எனக்குக் கிடைக்கும் பொழுதெல்லாம் ஜப்பானிய அனிமேக்குத்தான். பார்ப்பேன், பார்த்ததைப் பற்றிப் பேசுவேன், பேசினால் சண்டையும் போடுவேன். முப்பத்தைந்து வயதுப் பெண், கல்யாணம் ஆகவில்லை, பொம்மைப் படம் பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக் காட்டுவார்கள். கார்ட்டூன் வேறு, அனிமே வேறு என்று ஒரு காலத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது பந்தியில் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. கூத்தாநல்லூர்க்காரி. தஞ்சாவூரில் மருந்தாளுநர் படிப்புப் படித்தபோது விடுதியில் ஒரே அறை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு, கேபிள் டிவியில் தமிழில் பேசிய அதே ஜப்பானியத் தொடரை இரண்டு ஊர்களில் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அதில் வரும் வில்லன் நல்லவனா கெட்டவனா என்று அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. பிறகு அவள் அத்தா, அதாவது அவள் அப்பா, வெளிநாட்டிலிருந்து ஒரு மடிக்கணினி கொண்டுவந்து கொடுத்தார். சப்டைட்டிலோடு பார்க்கக் கற்றுக்கொண்டோம். எங்களுக்கு ஜப்பானிய மொழியில் பத்துப் பதினைந்து வார்த்தைகள் தெரியும். அதில் பாதி திட்டுகிற வார்த்தைகள்.

படிப்பு முடிந்து அவளுக்குக் கல்யாணமாகி, கணவர் துபாய்க்குப் போன பிறகு, பேச ஆளில்லாமல் இரண்டு பேரும் போனிலேயே கிடந்தோம். அப்போதுதான் அவள் சொன்னாள்: "நாம பேசறத நாமளே கேட்டுக்கிட்டு என்ன பிரயோஜனம்? பதிவு பண்ணிப் போடுவோம்டி." அப்படித்தான் எங்கள் பாட்காஸ்ட் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வலங்கைமான், நீடாமங்கலம் என்று பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போவேன். பீரோ இருக்கும் அறையில் சுவரோரமாக மெத்தைகளைச் சாய்த்து வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிந்துகொண்டு பேசுவோம். ஃபேன் சத்தம் பதிவில் விழுந்தால் அவளுக்குப் பிடிக்காது. தொகுப்பதெல்லாம் அவள்தான். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் விடாமல் கேட்பவர்கள். கும்பகோணத்திலிருந்து ஒரு நர்ஸ், மலேசியாவில் லாரி ஓட்டும் ஒருவர், நெல் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டே காதில் மாட்டிக் கேட்கும் குடவாசல்காரர் ஒருவர். எல்லாருக்கும் எங்கள் குரல் பழக்கம், எங்கள் சண்டையும் பழக்கம்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அம்மா இறந்த வருடம் அதை அவள்தான் எனக்கு அனுப்பினாள். "இப்ப பாக்காத. கொஞ்ச நாள் கழிச்சுப் பாரு" என்று எழுதியிருந்தாள். நான் உடனே பார்த்தேன். நகரத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், அம்மா இறந்ததும் அப்பாவின் கிராமத்துக்குத் திரும்புகிறாள். நெல் விளையும் ஊர். அப்பா பேசாத மனிதர். நடுப்பகுதியில் ஒரு காட்சி வரும். விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அப்பா மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறார். மகள் பின்னால் வந்து வரப்பில் நிற்கிறாள். நாம் இரண்டு பேரின் முதுகையும்தான் பார்க்கிறோம். தண்ணீர் பரவும் சத்தம், தவளைச் சத்தம், அவ்வளவுதான். ஒரு சொல் கிடையாது. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே போகும். பிறகு அவர் தன் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலேயே, பின்னால் நீட்டுவார். அவள் வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள்.

அந்தக் காட்சியில்தான் அம்மாவுக்காக நான் முதல்முறையாக முழுசாக அழுதேன். சாவு வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கவும், யார் எந்த ஊர் என்று அப்பாவுக்குச் சொல்லவுமே எனக்கு நேரம் சரியாக இருந்தது. அப்பாவும் நானும் அம்மாவைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அவர் வயலுக்குப் போய்விடுவார், நான் கடைக்குப் போய்விடுவேன். அந்தப் படத்தை மட்டும் அவர் பார்த்தால் போதும், நாங்கள் பேச வேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எப்படிக் காட்டுவது? சப்டைட்டில் இங்கிலீஷில் ஓடுகிறது. அப்பாவுக்கு இங்கிலீஷ் உர மூட்டையில் இருக்கும் அளவுக்குத்தான் தெரியும்.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் கடையில் கூட்டமாக இருக்கும் நேரத்தில் அவள் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"ஏய், நம்ம படம் தமிழ்ல வருதுடி! தியேட்டர்ல! தஞ்சாவூர்ல போடறாங்க!"

எதிரில் ரத்தக்கொதிப்பு மாத்திரை கேட்டு நின்ற பெரியவரிடம் நான் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, அவரே "இது இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவைக் கிளப்புவது சுலபமாக இருக்கவில்லை. "பொம்மப் படமா? நான் எதுக்கு பாப்பா?" என்றார். நடவு முடிந்திருந்தது, வேலையைச் சாக்குச் சொல்ல முடியவில்லை. சலவை வேட்டி, பாக்கெட் வைத்த சட்டை, துண்டு எல்லாம் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல வந்தார். பஸ்ஸில் அய்யம்பேட்டை தாண்டும்போது அவரிடம் சொல்லி வைத்தேன்.

"நடுவுல ஒரு எடம் வரும்ப்பா. அப்பாவும் பொண்ணும் வயல்ல நிப்பாங்க. அத மட்டும் நல்லா பாருங்க."

"என்ன, சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்ல. சும்மா நிப்பாங்க."

"சும்மா நிக்கறத நான் தெனம் பாக்கறேனே" என்றார். ஆனால் சரி என்று தலையாட்டினார்.

தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. பிள்ளைகளோடு வந்த சில குடும்பங்கள், ஒரு வரிசை முழுக்கக் கல்லூரிப் பையன்கள். ஆரம்பமே சரியில்லை. ரயிலில் ஏறும் மகள், மூலத்தில் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். "அம்மா இல்லாத ஊருக்கு நான் போறேன், என் மனசு தாங்குமா?" என்று அவள் குரல் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள் என்று நம்பினேன். அதை யார் தொடுவார்கள்?

தொட்டார்கள். மடை திறந்தது. மகள் வரப்பில் வந்து நின்றாள். உடனே அப்பாவின் முதுகு பேச ஆரம்பித்தது. வாயே தெரியாததால் எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம் அல்லவா? "உங்கம்மா எங்கயும் போகல கண்ணு, இந்தத் தண்ணியில இருக்கா, இந்த மண்ணுல இருக்கா" என்றது முதுகு. அது போதாதென்று அடுத்து தவளை. வரப்போரம் உட்கார்ந்திருந்த ஒரு தவளைக்குக் கீச்சுக் குரல் கொடுத்திருந்தார்கள்.

"மச்சான், பெருசு ஃபீல் பண்ணுதுடா!"

இன்னொரு தவளை, கட்டைக் குரலில்: "நீ தள்ளி உக்காரு, தண்ணி தொறந்துட்டான், நான் குளிச்சு எத்தன நாளாச்சு!"

தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. கல்லூரிப் பையன்கள் விசிலடித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சும்மா இல்லை, தொடையைத் தட்டிக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தொப்பியை நீட்டும் இடம் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த நேரத்தில் அவர் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அவரே ஆரம்பித்தார்.

"நல்லாதான் இருந்துச்சு பாப்பா. அந்தத் தவள என்னமா பேசுது!"

"அது பேசாதுப்பா."

"ஆங்?"

"அது பேசாது! அந்தத் தவள பேசவே பேசாது! அவரும் பேச மாட்டாரு! யாருமே பேச மாட்டாங்க!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அப்பா கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சரிம்மா" என்றார். "எனக்கு என்ன தெரியும்?"

அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் படத்துக்கு டப்பிங் செய்தவர்களை நான் மன்னிக்கவே போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். பஸ்ஸில் ஊர் வரும்வரை நாங்கள் பேசவில்லை. நான் விரும்பிய மௌனம் அது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூத்தாநல்லூரில் நான் பேசியது போல அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. அவளும் படத்தைப் பார்த்திருந்தாள், அவளுக்கும் கோபம்தான். ஆனால் அவள் கோபத்தில் ஒழுங்கு இருந்தது. எந்த இடத்தில் இசை மாறியிருக்கிறது, எந்தக் குரல் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டு போனாள். நான் இடையில் புகுந்து கொட்டித் தீர்த்தேன். "இந்த வசனத்த எழுதுன ஆளு வாழ்க்கையில ஒரு நாளாவது வரப்புல நின்னுருப்பாரா? ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாத ஆளு கையில பேனாவ யாரு குடுத்தது?" என்றேன். தமிழ்நாட்டுக்காரனுக்கு ஒரு நிமிட அமைதி தாங்காது என்று யார் முடிவு செய்தது, எங்கள் வீடுகளில் பேசாமல் நடக்கும் காரியங்கள் எத்தனை என்று இவர்களுக்குத் தெரியுமா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். வியர்வையில் ஹெட்போன் நழுவியது.

பதிவை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"உங்கப்பா சிரிச்சார்னு சொன்னேல்ல?"

"ஆமா."

"அம்மா போனதுக்கப்புறம் அவர் அப்படிச் சிரிச்சு நீ பாத்துருக்கியா?"

"அது வேற."

"என்னடி வேற? உனக்கு அந்த எடத்துல அழுக வந்துச்சு. அவருக்குச் சிரிப்பு வந்துச்சு. நீ அழுதது மட்டுந்தான் சரியா?"

"அவர் அந்தப் படத்தப் பாக்கவே இல்லடி! வேற என்னமோ ஒன்னக் காட்டி அனுப்பிட்டாங்க. அவருக்குன்னு இருந்தத எடுத்துட்டு, கையில கிலுகிலுப்பையக் குடுத்து அனுப்பிட்டாங்க!"

அவள் மீன் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தாள். அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

பதிவு வெளியானது. எங்களுக்கு அதுவரை வராத கூட்டம் வந்தது. பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். "சப்டைட்டில் பார்த்து வளர்ந்த திமிர்" என்று ஒருவர் எழுதினார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தமிழ் டப்பிங் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் இரண்டு பேரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என்னை எரித்தது வேறொரு வரி. ஒருவர் இல்லை, பல பேர் எழுதினார்கள்: "தமிழில் வந்ததே பெரிய விஷயம், குறை சொல்லாதீர்கள்."

வந்ததே பெரிய விஷயம். இந்த வாக்கியத்தை நான் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறேன்! கடைமடைக்குத் தண்ணீர் முழங்காலுக்குக்கூட வராதபோது, வந்ததே பெரிய விஷயம். என்னைப் பெண் பார்க்க வந்தவன் என் படிப்பையும் கடையையும் கேலி செய்துவிட்டுப் போனபோது, வந்ததே பெரிய விஷயம். கொடுப்பவன் சொன்னால்கூடப் புரிந்துகொள்ளலாம். வாங்குகிறவர்களே முந்திக்கொண்டு சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அப்பாவுக்கு முழுப் படம் கிடைக்க வேண்டும் என்று கேட்பது திமிர் என்றால், திமிர்தான்.

அதற்கடுத்த வாரம் அந்த வசனகர்த்தாவிடமிருந்தே செய்தி வந்தது. "என்னைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். என்னிடம் பேசத் தைரியம் உண்டா?" என்று எழுதி, போன் எண்ணும் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டோம். பதிவு செய்கிறோம் என்று அவள் முதலிலேயே சொன்னாள். "பண்ணிக்குங்க, எனக்கென்ன பயம்?" என்றார். எங்கள் வயதுதான் இருக்கும். குரலில் தூக்கமில்லாத சலிப்பு இருந்தது.

"ஒரு நிமிஷம் வாய மூடத் தெரியாதவன்னு சொன்னீங்கல்ல? நான் மொதல்ல அந்த எடத்த அப்படியேதாங்க விட்டேன். ஒரு வார்த்த எழுதல. திருப்பி அனுப்பிட்டாங்க. காலியா இருக்கு, ஏதாச்சும் போடு, குழந்தைங்க எழுந்து வெளிய போயிரும்னு சொன்னாங்க. மறுபடி காலியாவே அனுப்புனேன். தவளை இருக்கே, தவளைய யூஸ் பண்ணுன்னாங்க. ஒரே மத்தியானத்துல எழுதிக் குடுத்தேன்."

நான் போனை இன்னும் பக்கத்தில் இழுத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நானும் உங்கள மாதிரிதாங்க. ஸ்கூல்ல இருந்து பாக்கறேன். அந்தப் படத்த எத்தன தடவ பாத்துருப்பேன்னு எனக்கே தெரியாது. அந்தத் தொப்பி சீனு... எனக்குத் தெரியாதா அது என்னன்னு?"

இந்த இடத்தில் என் கோபம் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது.

"தெரியாதவர் செஞ்சிருந்தா நான் விட்டுருப்பேன்" என்றேன். "தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க எழுதுனீங்க?"

"நான் எழுதலன்னா இன்னொருத்தன் எழுதியிருப்பான். இத விட மோசமா."

"அவன் எழுதட்டும்! உங்க கையால எதுக்கு?"

என் தோழி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள், போதும் என்று. அவர் மெதுவாகப் பேசினார்.

"ஏங்க, இதப் போட்டுறாதீங்க. கோவத்துல பேசிட்டேன். யாரு என்ன சொன்னாங்கன்னு எல்லாம் சொல்லிட்டேன். அடுத்த படம் எனக்கு வராது."

போனை வைத்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். "போடறோம்" என்றேன். "இதத்தான் போடணும். யாரோ மேல உக்காந்துக்கிட்டு நம்மள மூளையில்லாதவங்கன்னு முடிவு பண்றானே, அத எல்லாரும் கேக்கட்டும்."

"அவர் வேணான்னு சொல்றாரு."

"மொதல்ல சரின்னாரு."

"அப்புறம் வேணான்னாரு. அவர் பொழப்புடி. மேல இருக்கறவனுக்கு ஒன்னும் ஆகாது, இவருக்குத்தான் ஆகும்."

"அப்ப யாருதான் எப்பத்தான் கேக்கறது?"

வாக்குவாதம் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரை போனது. ஒரு முடிவுக்கும் வராமல் நான் பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போது அவளிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: "அழிச்சுட்டேன். உன்கிட்ட கேட்டா விடமாட்டே."

இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கேட்காமல் ஒரு இருமலைக்கூட வெட்டியதில்லை. நான் பதில் போடவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை, அதற்கடுத்ததும் போகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் எங்கள் பாட்காஸ்ட் ஊமையாகக் கிடந்தது. குடவாசல்காரர் "அக்கா, என்னாச்சு? அறுவடை வருது, கேக்க ஒன்னும் இல்ல" என்று எழுதினார். அவருக்கும் பதில் போடவில்லை.

வீட்டிலோ எனக்கு வேறொரு வேதனை. அப்பாவுக்கு அந்தத் தவளை பிடித்துப்போய்விட்டது. என் முன்னால் அடக்கி வாசித்தார், ஆனால் வயலில் களை பறிக்க வந்த பெண்களிடம், டீக்கடையில், உரக்கடையில் எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒருநாள் மடை பக்கத்தில் யாரோ ஒரு பெரிசு கால் நனைத்துக்கொண்டு நிற்க, அப்பா கீச்சுக் குரலில் "மச்சான், பெருசு ஃபீல் பண்ணுதுடா" என்று சொல்வதை நானே வரப்பில் வரும்போது கேட்டேன். அவர் என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அப்படியே ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

கடைசியில் ஒரு மழை நாளில், அவர் வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, மூலப் படத்தை டிவியில் இணைத்துப் போட்டேன். ஒவ்வொரு வசனத்தையும் நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் காட்சி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். தண்ணீர் பரவியது. தவளைகள் கத்தின. தொப்பி பின்னால் வந்தது. அவள் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அப்பா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சி மாறியதும் என் பக்கம் திரும்பினார்.

"நல்லாருக்கு பாப்பா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இதுல ஒரு எடத்துல தவள பேசுமே? அது எப்ப வரும்?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரத்தில்தான் அவள் பாபநாசத்துக்கு வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்று, மூன்றாம் மனிதரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "இருமல் சிரப் இருக்கா?" கூத்தாநல்லூரில் மருந்துக் கடையே இல்லாதது மாதிரி.

"யாருக்கு?"

"எனக்குத்தான். பேச ஆளில்லாம தொண்ட கட்டிப்போச்சு."

நான் சிரிக்கவில்லை. உள்ளே வரச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வாடிக்கையாளர்களுக்கு நடுவே பேசினோம். கேட்காமல் அழித்தது தப்பு என்றாள். அழித்தது தப்பில்லை, கேட்காமல் அழித்ததுதான் தப்பு என்று திருத்தமாகச் சொன்னாள். நான் என் பங்குக்கு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா மூலப் படத்தைப் பார்த்துவிட்டுத் தவளையைத் தேடிய கதையை மட்டும் கடுகடுவென்று சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். சுகர் மாத்திரை வாங்க வந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார்.

"சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"தெரியும்டி. அதான் சிரிக்கறேன்."

மறுபடி பதிவு செய்தோம். அந்த மனிதர் யார் என்று தெரியாதபடி, எந்தப் படம் என்றும் சொல்லாமல், வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பச் சொல்பவர்களைப் பற்றி முழுசாகப் பேசினோம். இந்த முறை நான் கத்தவில்லை. கத்தாமல் பேசினால் கோபம் இன்னும் நேராகப் போய்ச் சேர்கிறது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. உள்ளே இருந்த கோபம் அதேதான்.

பல மாதங்கள் கழித்து அந்த வசனகர்த்தாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இன்னொரு ஜப்பானியப் படம் தமிழில் வருகிறது, வசனம் அவர்தான். "ஒரு இடத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். போய்ப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தஞ்சாவூர் போய்ப் பார்த்தோம். ஊர் விட்டுப் போகும் தம்பியை அக்கா பார்த்துக்கொண்டு நிற்கும் இடம். படம் முழுக்க எல்லாரும் வழக்கம்போல வாய் ஓயாமல் பேசினார்கள், ஒரு பூனைகூடப் பேசியது. அந்த இடம் வந்ததும் சத்தம் நின்றது. மூச்சு இரண்டு மூன்று முறை வந்து போகும் நேரம்தான். தியேட்டரில் யாரும் எழுந்து போகவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. பிறகு மறுபடி பேச்சு ஆரம்பித்துவிட்டது.

பேருந்து நிலையத்துக்கு நடந்து வரும்போது அவள் கண் சிவந்திருந்தது.

"பாத்தியா? விட்டுட்டான்டி. எப்படி சண்ட போட்டு வாங்கியிருப்பான் பாவம்."

"ரெண்டு மணி நேரப் படத்துல அவ்ளோதானா? மிச்சம் வச்ச சோறு மாதிரி ஒரு கையளவு? அதுக்கு நாம நன்றி வேற சொல்லணுமா?"

"நான் சொல்லத்தான் போறேன். இப்பவே அவருக்கு எழுதறேன்."

"எழுது. அதுலயே அந்தப் பூன எதுக்குப் பேசுச்சுன்னு நான் கேட்டேன்னும் எழுது."

"நீ எல்லாம் திருந்தவே மாட்டே."

"மாட்டேன். அவர் அந்தப் பூனையோட வாய அடைக்கிற வரைக்கும் மாட்டேன்."

அவள் ஊர்ப் பக்கம் போகும் மன்னார்குடி பஸ் கிளம்பிப் போனது. அவள் ஏறவில்லை. பாபநாசம் வழியாகப் போகும் என் கும்பகோணம் பஸ்ஸும் போனது. அக்காவின் முகத்தை அத்தனை அருகில் காட்டியிருக்க வேண்டுமா என்று அவள் புதிதாக ஒரு கேள்வியை எடுத்தாள். காட்டியிருக்கக் கூடாது என்றேன். காட்டியதால்தான் அந்த அமைதி தாங்கியது என்றாள். பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார்.

"இத ஞாயித்துக்கெழம பதிவுல வச்சுக்கலாம்" என்றாள்.

"முடியாது. இப்பவே சொல்லு, ஏன் காட்டணும்?" என்றேன்.